ஆறடி மூன்றங்குலம்

உயரத் தாண்டுதல் என்னும் விளையாட்டில் ஒரு விசித்திரம் உண்டு. ஓட்டப் பந்தயத்தில் முதல்வராக வந்தவர் வெற்றியோடு நிற்கிறார். உயரத் தாண்டுதலிலோ, தங்கப் பதக்கம் பெற்றவரும் பெரும்பாலும் கம்பியைத் தட்டிவிட்டே களத்தை விட்டு அகல்கிறார். தொடர்ந்து மூன்று முறை தவறினால் ஆட்டம் முடிந்தது. மற்றவர் அனைவரும் தோற்றுத் தாம் ஒருவரே எஞ்சினாலும், கம்பியை மேலும் உயர்த்தித் தம்மால் இயலாத உயரம் எதுவெனக் கண்ட பின்னரே வீரர் ஓய்கிறார். இத்தகைய ஆட்டத்தையே தம் இளமையின் தொழிலாகக் கொண்டவர், வடகேரளத்தில் 1974-இல் பிறந்த பாபி அலோஷியஸ்.

பாபி என்றதும் நம்மவர் பலர் அஞ்சு பாபி ஜார்ஜை எண்ணிக்கொள்வர். அவர் வேறு. நீளத் தாண்டுதலில் 2003-ஆம் ஆண்டு பாரிஸ் உலகப் போட்டியில் வெண்கலம் வென்ற சங்ஙனாசேரிப் பெண்மணி அவர். அவர் பெயரிலுள்ள பாபி, கணவரின் பெயர். நம் வீராங்கனைக்கோ அது சொந்தப் பெயர். இப்பெயர்க் குழப்பத்தால் இவரது புகழில் ஒரு பங்கு குறைந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

2000-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் பாபி தங்கம் வென்றார். 2002-இல் பூசான் நகர ஆசிய விளையாட்டு விழாவில் 1.88 மீட்டர் தாண்டி வெள்ளி பெற்றார். தங்கம் கிர்கிஸ்தானின் தாத்தியானா எஃபிமெங்கோவுக்குச் சென்றது. 2004-இல் நம் சென்னையில் 1.91 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை படைத்தார். ஏறத்தாழ ஆறடி மூன்றங்குலம்! அகல இரயில் பாதையில் தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட தூரம் 1.676 மீட்டர். அதை நிமிர்த்தி நிறுத்தி, அதன்மேல் ஒரு சாணுக்குச் சற்றே கூடுதலாக வைத்தால் அவ்வுயரம் வரும். இரயில்வேக்காரனுக்கு வேறு எந்த அளவுகோல் கைக்கு எட்டும்? அவ்வாண்டே ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலும் அவர் பங்கேற்றார். அப்போது வயது முப்பது. தகுதிச் சுற்றைக் கடக்க இயலவில்லை.

பெண்களுக்கான உயரத் தாண்டுதல் ஒலிம்பிக்கில் முதன்முதல் இடம்பெற்றது 1928-இல், ஆம்ஸ்டர்டாமில். கனடாவின் எதல் கேதர்வுட் அன்று வென்ற உயரம் 1.59 மீட்டர். 2024-இல் பாரிஸ் நகரில் உக்ரைனின் யாரோஸ்லாவா மகுச்சிக் தாண்டியதோ 2.10 மீட்டர். இப்பெரும் வளர்ச்சிக்கு ஒரு முக்கியக் காரணம் தாண்டும் முறை மாறியதே. 1968-இல் மெக்ஸிகோவில் அமெரிக்கரான டிக் ஃபாஸ்பரி, கம்பிக்கு முதுகைக் காட்டித் தலை முந்தப் பாய்ந்து தங்கம் வென்றார். வளைந்து ஓடிவந்து எழும்பி, உடலை வில்லாக வளைத்துக் கம்பியைக் கடப்பது அம்முறை.

ஆனால் அதில் ஓர் இடர் உண்டு. முதுகும் கழுத்தும் முதலில் நிலத்தைத் தொடுவதால், தடித்த மெத்தை இன்றியமையாதது. மணற்குழியில் அவ்வாறு விழுந்தால் கழுத்தே முறியும். ஆகவே மெத்தை இல்லாத பள்ளியில் பயிலும் சிறுமிக்குத் திறமை எவ்வளவு இருந்தும் பயனில்லை; அவள் கால்களை வீசித் தாண்டும் பழைய முறையோடு நின்றுவிடுகிறாள்.

திருவனந்தபுரத்தில் வாழும் நமக்கு இவ்வகையில் குறையில்லை. ஜி. வி. ராஜா விளையாட்டுப் பள்ளியும், காரியவட்டத்தில் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரியும் நம் அருகிலேயே உள்ளன. குறை வேறிடத்தில் இருக்கிறது. பெண் பத்தாம் வகுப்பை எட்டியதும், விளையாட்டு உடையை மடித்துப் பெட்டியில் வைத்துவிடும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் மறையவில்லை. முப்பது வயதில் ஒலிம்பிக் களம் கண்ட பாபியை நம் தாய்மார்கள் சற்று நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன்.

பாபியின் சாதனை எட்டு ஆண்டுகள் நிலைத்தது. 2012-இல் ஹைதராபாத்தில் கர்நாடகத்தின் சஹானா குமாரி 1.92 மீட்டர் தாண்டி அதை முறியடித்து, லண்டன் ஒலிம்பிக்கில் இடம்பெற்றார். சஹானா இரயில்வே அணிக்காகவும் தாண்டியவர் என்பதில் எங்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி. எட்டு ஆண்டுகளில் உயர்ந்தது ஒரே ஒரு சென்டிமீட்டர்!

ஆசியத் தங்கமோ இன்னும் நெடுங்காலம் காத்திருந்தது. ஹரியானாவில் கொத்தனார் ஒருவரின் மகளாகப் பிறந்த பூஜா, மெத்தைக்கு வழியின்றி, வைக்கோல் திணித்த சாக்குகளின்மேல் விழுந்தும், மூங்கிலைக் கம்பியாக நிறுத்தியும் பழகியவர். 2025-ஆம் ஆண்டு மே மாதம் தென்கொரியாவின் குமி நகரில், ஆசிய தடகளப் போட்டியில் அவர் 1.89 மீட்டர் தாண்டினார். பாபிக்குப் பின் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அப்பதக்கம் இந்தியப் பெண்ணொருத்தியின் கழுத்தை அணி செய்தது. சஹானாவின் உயரத்தை எட்ட அவருக்கு அன்று இன்னும் மூன்று சென்டிமீட்டர் மிச்சமிருந்தது.