ஒரு நாளுக்கு 60 மில்லிகிராம்

முற்றிய புற்றுநோயோடு வீட்டில் படுத்திருக்கும் அப்பாவுக்கு வலி அடங்க ஒரு மாதத்துக்கு எவ்வளவு மார்ஃபின் வேண்டும்? அளவை மருத்துவர்தான் முடிவு செய்வார். 10 மில்லிகிராம் மாத்திரையை 4 மணி நேரத்துக்கு ஒன்று என்று எழுதியிருக்கிறார் என வைத்துக்கொள்வோம். காலை 6, 10, பகல் 2, மாலை 6 மணிக்கு ஒவ்வொன்று. இரவு 10 மணிக்கு இரண்டாகக் கொடுக்கச் சொன்னால், நடுராத்திரி 2 மணிக்கு அவரை எழுப்ப வேண்டியதில்லை. நாளுக்கு 6 மாத்திரை, 60 மில்லிகிராம். நடுவில் வலி கிளம்பினால் கொடுக்கும் உபரி வேளை, நாள் அளவில் ஆறில் ஒரு பங்கு; இங்கே ஒரு மாத்திரை. தினம் இருமுறை அது தேவைப்பட்டால் மொத்தம் 8, மாதத்துக்கு 240. கூடவே மலமிளக்கி. குமட்டல் சில நாளில் அடங்கிவிடும், மலச்சிக்கல் அடங்காது. மார்ஃபின் போகும்வரை மலமிளக்கியும் போக வேண்டும்.

இந்தக் கணக்கை நாட்டின் கணக்கோடு வைத்துப் பார்த்தால் மனம் கொதிக்கிறது. வலிநிவாரணம் தேவைப்படும் இந்திய நோயாளி ஒருவருக்கு ஆண்டுக்குக் கிடைப்பது 43 மில்லிகிராம் மார்ஃபினுக்குச் சமமான மருந்து, தேவையில் 4 சதவீதம் என்றது 2017-ல் வெளிவந்த லான்செட் ஆணைய அறிக்கை. அமெரிக்காவில் அது 55,000, கனடாவில் 68,000. மேலே சொன்ன அப்பாவுக்கு முதல் நாள் மாலை 6 மணி மாத்திரையோடு 40 மில்லிகிராம் தீர்ந்துவிடும். அன்றைய இரவுக்கும் மிச்ச வருடத்துக்கும் சேர்த்து இருப்பு 3.

இத்தனைக்கும் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமத்தோடு, மார்ஃபினின் மூலப்பொருளான அபின் விளைகிற நாடு இது. 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு 573 கிலோவாக இருந்த மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 1997-ல் 18 கிலோவாகச் சுருங்கியது. தண்டனைக்குப் பயந்து மருந்துக்கடைகள் கைவிட்டன. மருத்துவமனைகளோ பல உரிமங்களுக்கு அலைந்து ஓய்ந்தன. 2014 திருத்தம் ஒரே அனுமதி போதும் என்று வழிவிட்டது. ஆனாலும் பக்கத்து மருந்துக்கடையில் கேட்டால் இன்றும் கிடைப்பது அரிது. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை எது என்பதை முதல் வாரமே விசாரித்துவிடுங்கள்.

காசு கரைவது பெரும்பாலும் வழியில்தான். எலும்புக்குப் பரவிய வலிக்குக் கதிர்வீச்சை 10 நாளாகப் பிரித்து 30 கிரே கொடுப்பதுண்டு. ஒரே நாளில் 8 கிரே கொடுத்தாலும் வலி அதே அளவு குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டிவிட்டன. மறுமுறை கதிர்வீச்சு தேவைப்படுவோர் 10 நாள் முறையில் ஏறக்குறைய 8 சதவீதம், ஒருநாள் முறையில் 20 சதவீதம். மதுராந்தகத்திலிருந்து சென்னைக்குச் சுமார் 80 கிலோமீட்டர். கார் வாடகை கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்றால் போய்வர 2,240. பத்து நாளுக்கு 22,400. உடன்போகும் மகளுக்கு நாள்கூலி 600 என்றால் இன்னும் 6,000 நஷ்டம். முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம்வரை சிகிச்சை உண்டு. இந்தக் கார் வாடகையும் கூலியும் அதில் வராது. "ஒரே நாளில் முடிக்க முடியுமா டாக்டர்?" என்று கேட்பது நம் உரிமை. முதுகெலும்பு நரம்பு நெருக்கப்படுவது போன்ற நிலைகளில் முடியாது என்று அவர் சொன்னால் அதற்குக் காரணம் இருக்கும்.

வீட்டில் ஒரு நோட்டு போடுங்கள்: மணி, வலி, உபரி மாத்திரை, மலம் போனதா. வலியைப் பத்துக்கு எத்தனை என்று கேட்டால் பெரியவர்கள் "பரவாயில்லம்மா" என்றுதான் சொல்வார்கள். "வலி ஒரு ரூபான்னா இப்ப எவ்வளவுப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். "காலைல முக்கா ரூவா, இப்ப எட்டணா" என்று வந்துவிடும். முக்காலே மூன்று நாள் தொடர்ந்தால் அந்தப் பக்கத்தை மருத்துவரிடம் காட்டுங்கள், அளவை மாற்றுவார்.

கடைசி நேரத்துக்கென்று வலிதணிப்புச் சிகிச்சையை ஒத்திப்போட வேண்டாம். முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலேயே வலிதணிப்புச் சிகிச்சையும் பெற்றவர்கள் 11.6 மாதம் வாழ்ந்தார்கள்; வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 8.9 மாதம். இரண்டும் இடைநிலை அளவு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும் வலிதணிப்புச் சேவையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

மாத்திரை இருப்பையும் அதே நோட்டில் எழுதுங்கள். நாளுக்கு 8 போனால் 40 மாத்திரை 5 நாளுக்குத்தான் வரும். இருப்பு 40-ஐத் தொடும்போதே வாங்கக் கிளம்புங்கள்; நடுவில் ஞாயிறும் பண்டிகையும் சேர்ந்து வந்துவிடலாம்.