கிதாருக்குப் புதுப் பூச்சு

1963ஆம் ஆண்டில் பிரையன் மே என்னும் ஆங்கிலேய மாணவர், தந்தையாரின் துணையுடன் மின்கிதார் ஒன்றை வீட்டிலேயே செய்யத் தொடங்கினார். கழுத்துக்குக் கிடைத்தது பழைய கணப்புச் சட்டத்தின் மரம். அதன் பூச்சித் துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்துச் சீராக்கினார். பிற்காலத்தில் குவீன் இசைக்குழுவில் ஒலித்தது அக்கிதாரே.

பழைய கிதாரின் உடலுக்குப் புதுப் பூச்சு இடுவோர்க்கும் இதுவே பாடம்: பூச்சின் அழகு, அடியிலுள்ள மரத்தைச் சீராக்குவதில் இருக்கிறது. கம்பி இணைப்புகளை வரைந்து வைத்துக்கொண்டு, தந்திகளையும் கழுத்தையும் மின்னுறுப்புகளையும் கழற்றுக. தூசி உட்புகா முகமூடி அணிந்து, 120ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி, 220, 320 என நுண்மையானவற்றால் மர இழையின் போக்கிலேயே தேய்த்திடுக. பூச்சின் ஆவி எளிதில் தீப்பற்றும்; ஆதலால் நெருப்பில்லாத, காற்றோட்டமான இடத்தில் மெல்லிய படலங்களாகப் பூசுக.

இனிக் காத்திருத்தலே கடினம். நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு மேலே காய்ந்தாலும், உள்ளிருக்கும் கரைப்பான் வெளியேறி அது இறுகச் சில வாரங்கள் ஆகும். என் பேரன் நான்காம் நாளே மெருகிட்டான், கண்ணாடிபோல் மின்னியது. அடுத்த மாதம் பூச்சுச் சுருங்கி, மரத்தின் நுண்பள்ளங்கள் யாவும் வெளியே தெரிந்தன. மீண்டும் உப்புத்தாளை எடுத்தான். இம்முறை நாட்காட்டியில் நாள் குறித்துக்கொண்டு காத்திருந்தான்.