ஆசனத்தில் வலி: தாங்குவதா, கேட்பதா?



தைப்பூசத் திருநாளில் சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை காவடி சுமந்து செல்லும் அடியார்களை ஆண்டுதோறும் கண்டு மெய்சிலிர்க்கிறோம். அலகு குத்திய உடலோடு அவர்கள் நடப்பதைப் பார்க்கும்போது, வலியைத் தாங்குவதே தவம் என்ற எண்ணம் நமக்கு இயல்பாக வந்துவிடுகிறது. அதே எண்ணத்தோடு யோகாசனம் பயில வருபவர்களும் உண்டு. முழங்கால் கெஞ்சினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பத்மாசனத்தில் அமரும் முதியோர் பலரை, யோகம் பயின்றுவரும் நான் சந்தித்திருக்கிறேன்.

காவடி என்பது விரதம் காத்து, குறித்த நாளில் செலுத்தும் நேர்த்திக்கடன். ஆசனமோ வாழ்நாள் முழுவதும் தொடரவேண்டிய பயிற்சி. பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தில் ஆசனத்துக்கு வகுத்த இலக்கணம் இரண்டே: அது நிலையாக இருக்கவேண்டும், சுகமாகவும் இருக்கவேண்டும். ஆகவே வலியோடு போராடுவது ஆசனம் ஆகாது. சிறு வலிக்கே அஞ்சிப் பயிற்சியைக் கைவிடுவதும் சரியன்று. வலி சொல்வதைக் கேட்பதே நடுவழி.

மருத்துவ ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இரு அறிஞர்கள், வலிச் செய்தியைக் கூட்டவோ குறைக்கவோ வல்ல ஒரு ‘வாயில்’ முதுகுத் தண்டில் உள்ளது என்றும், நம் கவனமும் உணர்ச்சியும் அதனைப் பாதிக்கும் என்றும் விளக்கினர். 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபட்-ஸின், நாட்பட்ட வலியுடையோருக்கு மூச்சைக் கவனிப்பதையும் எளிய ஆசனங்களையும் கற்பிக்கத் தொடங்கினார். அச்சம் வலியைப் பெருக்கும். அமைதியான கவனம் அதன் கடுமையைத் தணிக்கும்.

நடைமுறையில் செய்யவேண்டியது இதுதான். ஆசனத்தில் வலி தோன்றியதும் மேலும் வளையாமல் நில்லுங்கள். வலி தசையிலா, மூட்டிலா என்று பாருங்கள். இழுப்பா, எரிச்சலா, குத்தலா என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். சற்றுத் தளர்ந்து, மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். தசையின் இழுப்பு மூச்சோடு தளர்ந்தால் அங்கேயே சிறிது நேரம் இருக்கலாம். மூச்சு திணறினாலோ தடைப்பட்டாலோ எல்லை கடந்துவிட்டோம் என்று பொருள். மூட்டில் குத்தல், காலில் மின்னலெனப் பரவும் வலி, மரத்துப்போதல் ஆகியவை தோன்றினால் மெதுவாக ஆசனத்தைக் கலைத்துவிடுங்கள். வலி சில நாள் நீடித்தால் பலதுறை மருந்தகம் சென்று மருத்துவரைப் பாருங்கள். மார்பில் அழுத்தமும் வியர்வையும் கண்டால் கவனித்துக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே 995-ஐ அழையுங்கள்.

தரையில் அமர இயலாதவர் நாற்காலியில் அமர்ந்து பயிலலாம். மடித்த போர்வையை முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். இதில் குறைவு ஏதுமில்லை. நூறாண்டு வாழ்ந்து 1989-இல் சென்னையில் மறைந்த யோகாசாரியர் கிருஷ்ணமாச்சாரியார், பயில்பவரின் வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்ப ஆசனத்தை மாற்றிக் கற்பித்தவர். மனிதருக்காகத்தான் ஆசனம்; ஆசனத்துக்காக மனிதர் அல்லர்.

சன்னிதியில் விழுந்து வணங்க முழங்கால் இடம் தராதபோது மனம் வருந்தும் பெரியோர்க்கும் இதையே சொல்வேன். நின்று கைகூப்பினாலும் இறைவன் ஏற்பான்.

திருமூலர் உடலை இறைவன் உறையும் ஆலயமாகக் கண்டார். கோயில் சுவரில் விரிசல் கண்டால் நாம் அதைப் பாராமுகமாக விடுவதில்லை, இடித்துத் தள்ளுவதுமில்லை. நின்று பார்த்து, காரணம் அறிந்து, திருப்பணி செய்கிறோம். உடல் எனும் கோயிலுக்கும் அந்தப் பரிவைக் காட்டுவோம். அன்பர்கள் அனைவரும் நோயற்ற வாழ்வு பெற எல்லாம் வல்ல இறைவன் திருவருளை வேண்டுகிறேன்.