நரம்பு அல்ல, சிரை

நாள் முழுதும் நின்றே பாடம் நடத்துகிறோம். காலில் நீலமாகப் புடைத்துச் சுருள்வதை ‘நரம்புச் சுருட்டல்’ என்கிறோம். உண்மையில் அது சிரை. இரத்தத்தை மேலேற்ற உதவும் அதன் வால்வுகள் பழுதானால் இரத்தம் கீழே தேங்கும். கணுக்கால் கறுத்து அரிக்கும். வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன எங்கள் செவ்வாய்ப்பேட்டையில் அதைக் கொலுசு உரசிய தடம் என்று விட்டுவிடுவோரும் உண்டு. பிறகு ஆறாத புண் வரும்.

‘சிரையை எடுத்துவிட்டால் இரத்தம் எப்படித் திரும்பும்?’ என்று சக ஆசிரியர்கள் என்னிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். காலின் இரத்தத்தில் சுமார் 90 விழுக்காட்டை ஆழ்சிரைகளே கொண்டு செல்கின்றன; அகற்றுவது தோலடியில் உள்ள பழுதான சிரையை மட்டுமே. ஆழ்சிரையில் அடைப்பு இல்லை என்று டாப்ளர் ஸ்கேனில் உறுதிசெய்த பிறகே அறுவை சிகிச்சை. முன்பு தொடையிடுக்கில் கட்டி, உருவி எடுத்தார்கள். இப்போது லேசர் இழையைச் செலுத்திச் சூட்டால் மூடுகிறார்கள். பெரும்பாலும் அன்றே எழுந்து நடக்கலாம்.