மணியோசையும் எண்வரிசையும்

மணியொன்றை அடிக்கிறோம். முதலில் உலோகம் அதிர்ந்தெழும் தாக்கொலி. அதன்பின் நெடுநேரம் நின்று தேயும் கார்வை. இவ்விரண்டும் சேர்ந்தே மணியோசை ஆகின்றது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. 1948ஆம் ஆண்டிலே, பிரெஞ்சு வானொலியின் பொறியியலாளராகிய பியேர் ஷேஃபர் என்பவர், பாரிஸ் நகரில், மணியோசை ஒன்றைப் பதிவு செய்யுமிடத்துத் தாக்கொலியை விலக்கிக் கார்வையை மாத்திரம் இசைத்தட்டிற் பதித்தார். அது மணியாகவே தோன்றவில்லை. ஊதுகருவி ஒன்றின் நாதம்போல ஒலித்தது. ஓர் ஒலியை எங்கே தொடங்குகிறோம் என்பதை மாற்றின், அது எதனுடைய ஒலி என்பதே மாறிவிடுகின்றது. அவ்வாண்டு ஒக்டோபர் 5ஆம் நாள் அவருடைய ஆக்கங்கள் வானொலியில் ஒலிபரப்பாயின. புகைவண்டி ஓசைகளைக் கொண்டே அமைந்த ஆக்கமும் அவற்றுள் ஒன்று.

பதிவு செய்த ஒலியை ஒரு வாத்தியம்போல வாசிக்கும் கருவிக்குச் சாம்ப்ளர் என்று பெயர். அதன் வித்து இங்கேதான் ஊன்றப்பட்டது எனலாம். 1963ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரிலே மெலோற்றோன் என்னும் கருவியைச் செய்து விற்றனர். அதில் ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் ஒலிநாடா உண்டு; கட்டையை அழுத்தினால் நாடா ஏறத்தாழ எட்டுச் செக்கன் ஓடும்; அதற்குமேல் ஓட நாடா இல்லை. 1979இல், அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தவராகிய பீற்றர் வோகல், கிம் ரைறி என்னும் இருவர், ஒலியை எண்களாக்கி நினைவகத்தில் வைத்து வாசிக்கும் ஃபெயர்லைற் என்னும் கருவியை வெளியிட்டனர். தனிமனிதர் எளிதில் வாங்கத்தக்க விலையன்று அதன் விலை. இன்றோ சாதாரணக் கணினி ஒன்றிலே அத்தகைய கருவியை நாமே அமைத்துக்கொள்ளலாம்.

“கடையில் ஆயத்தமாகக் கிடைப்பதை நாம் ஏன் வருந்திச் செய்யவேண்டும்?” என்று நேயர்கள் வினவக்கூடும். நியாயமான வினாவே. அதற்கு விடையை முதலிற் கூறாது, கருவியைச் செய்து முடித்தபின் காண்போம்.

நாம் எடுத்துக்கொள்ளும் சாதனம் பியூர் டேற்றா என்னும் மென்பொருள். மில்லர் பக்கெற் என்னும் அமெரிக்க அறிஞர் 1980களில், பாரிஸிலுள்ள இர்க்காம் இசை ஆய்வு நிலையத்திலே மாக்ஸ் என்ற மென்பொருளை ஆக்கினார். கணினி இசைக்கு முன்னோடியாகிய மாக்ஸ் மத்யூஸ் என்பவரின் பெயரே அதற்கு இடப்பட்டது. பின்னர் 1996இல் பக்கெற் பியூர் டேற்றாவை உருவாக்கினார். இஃது எவரும் விலையின்றிப் பெறக்கூடியது. அதன் மூலநிரல் யாவருக்கும் திறந்திருப்பது.

இதில் நீண்ட கட்டளை வரிகளை எழுதவேண்டியதில்லை. திரையிலே சிறு பெட்டிகளை வைத்து, அவற்றைக் கோடுகளால் இணைக்கவேண்டும். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுவதை நினைத்துக்கொள்ளுங்கள். மேலேயுள்ள பெட்டியிலிருந்து கோடு என்னும் வாய்க்கால் வழியே கீழேயுள்ள பெட்டிக்குப் பாய்வு செல்லும். பாய்வு இருவகைப்படும். மெல்லிய கோட்டிலே, ஒரு கட்டையை அழுத்தும்போது எழுவது போன்ற செய்திகள் வேண்டியபொழுது மட்டும் செல்லும். தடித்த கோட்டிலோ ஒலி இடைவிடாது ஓடிக்கொண்டேயிருக்கும். ஒலியைக் கையாளும் பெட்டிகளின் பெயரிறுதியில் ஓர் அலைக்குறி இருக்கும். இவ்வேறுபாட்டை அறியாதவர் முதல் நாளிலேயே இடறுவர்.

இனி மணியைப் பதிவு செய்வோம். ஒலிவாங்கியிலிருந்து வரும் ஒலியை ‘ஏடிசி’ என்னும் பெட்டி எண்களாக்கித் தரும். ‘டாப்ரைட்’ என்னும் பெட்டி அவற்றை ஓர் அட்டவணையில் வரிசையாக எழுதும். வழக்கமாக ஒரு செக்கனுக்கு 44,100 எண்கள் எடுக்கப்படும். மனிதச் செவி உணரும் மிகையான மீடிறன் செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள். அதனைத் தவறாது பதிய அதன் இருமடங்குக்கு மேற்பட்ட எண்கள் வேண்டும். ஆகவே இரண்டு செக்கன் மணியோசை 88,200 எண்களாகும். மணி இப்போது இந்த வரிசையிலே உறங்குகின்றது.

அதை எழுப்புவதற்கு ‘ஃபேசர்’ என்னும் பெட்டி உதவும். அது பூச்சியத்திலிருந்து ஒன்றுவரை சீராக ஏறி, மீண்டும் பூச்சியத்துக்கு விழும். அதனை 88,200ஆற் பெருக்கினால், அட்டவணையின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நகரும் ஒரு சுட்டுவிரல் கிடைக்கின்றது. அவ்விரல் காட்டும் இடத்திலுள்ள எண்ணை ‘டாப்ரீட்4’ என்னும் பெட்டி படித்துச் சொல்லும். ஃபேசர் செக்கனுக்கு 0.5 முறை ஏறினால் மணி தன் இயல்பான குரலிலே ஒலிக்கும். ஒரு முறை ஏறினால் ஒரு ஸ்தாயி உயர்ந்து, பாதி நேரத்தில் முடிந்துவிடும். இசைத்தட்டை விரைவாகச் சுழற்றினாற் குரல் கீச்சென்று மாறுவதைக் கேட்டிருப்பீர்கள், அதுவே இது.

இங்கே ஓர் ஐயம் எழும். வேகத்தை மாற்றியதும் விரல் 100ஆம் எண்ணுக்கும் 101ஆம் எண்ணுக்கும் நடுவே, 100.3 என்னும் இடத்தில் நிற்கலாமன்றோ? அங்கே எழுதப்பட்ட எண் ஏதுமில்லை. அருகிலுள்ள எண்ணையே எடுத்துக்கொண்டால் ஒலியில் ஒரு கரகரப்புத் தோன்றும். ஆதலால் டாப்ரீட்4 முன்னும் பின்னுமாக நான்கு எண்களை நோக்கி, அவற்றினூடே ஒரு வளைகோடு வரைந்து, இடைப்பட்ட எண்ணைக் கணித்துத் தருகின்றது. ஓரங்களிலும் இந்த அயலெண்கள் வேண்டியிருத்தலின், அட்டவணைக்கு மூன்று இடங்களை மிகையாகக் கொடுப்பது வழக்கம்.

இவ்வளவும் செய்து கட்டையை அழுத்தினால் மணி ஒலிக்கும். ஆனால், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ‘டக்’ என்று ஒரு முரட்டொலி கேட்கும். புதிதாகச் செய்பவர் ஏமாற்றமடையும் இடம் இதுவே. கருவி பழுதென்று எண்ணவேண்டியதில்லை. மணியின் கார்வை இரண்டு செக்கனில் முற்றாக ஓய்வதில்லை. அது ஓயுமுன்னே விரல் தொடக்கத்துக்குத் தாவுகின்றது. ஓர் எண்ணிலிருந்து தொடர்பற்ற இன்னோர் எண்ணுக்குத் திடீரென்று தாவுதலையே செவி ‘டக்’ என்று உணர்கின்றது. பதிவின் கடைசிப் பகுதியைப் படிப்படியாகப் பூச்சியத்துக்குத் தேய்த்துவிட்டால் அது மறையும். ஒலித்துக்கொண்டிருக்கும் கட்டையை மறுபடி அழுத்தும்போதும் இத்தாவல் நிகழும். அதற்கு ‘லைன்’ என்னும் பெட்டியைக்கொண்டு ஒலியை ஐந்து மில்லிசெக்கனில் தாழ்த்தி, விரலைத் தொடக்கத்துக்குக் கொணர்ந்து, மீண்டும் உயர்த்தவேண்டும்.

எவ்வளவு நேரத்தில் உயர்த்துவது? மிகக் குறுகிய நேரமாயின் ‘டக்’ திரும்பிவரும். நூறு மில்லிசெக்கன் எடுத்துக்கொண்டாலோ தாக்கொலி மங்கிவிடும். மணி மணியாக இராது. ஷேஃபர் கருதிச் செய்ததை நாம் தவறுதலாகச் செய்துவிடுவோம்! கருதிச் செய்ய விரும்பின் அதுவும் எளிதே. விரலின் தொடக்கத்தை 4,410 எண்கள் தள்ளி வைத்து, எஞ்சிய 83,790 எண்களுக்கேற்ப ஃபேசரின் வேகத்தைத் திருத்தினாற் போதும். முதற் பத்திலொரு செக்கன் நீங்கிவிடும். அன்று இசைத்தட்டிற் செய்த சோதனை இன்று ஒரு கூட்டற்கணக்கு.

அடுத்து, பல கட்டைகளை ஒருங்கே அழுத்துதல். மணியோசையைப் பலமுறை பதிய வேண்டியதில்லை. அட்டவணை ஒன்றே, அதனைப் படிக்கும் விரல்களே பல. ஒரு வாசிப்பு அமைப்பைச் செய்து, ‘குளோன்’ என்னும் பெட்டியினால் எட்டுப் படிகள் எடுத்துக்கொள்ளலாம். ஒன்பதாவது கட்டையை அழுத்தினால் என் செய்வது? பழைய ஒலி ஒன்றை நிறுத்திப் புதியதற்கு இடங்கொடுக்கலாம். அன்றிப் புதியதை ஏற்காது விடலாம். முடிவு செய்பவர் நாமே.

நிற்க. கட்டைக்கேற்ற வேகத்தை எவ்வாறு கணிப்பது? மேனாட்டு விசைப்பலகையில் ஒரு ஸ்தாயி பன்னிரண்டு சமகூறுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு கட்டைக்கும் வேகத்தை 1.05946ஆற் பெருக்கிச் சென்றால், பன்னிரண்டாவது கட்டையில் அது இருமடங்காகும். இம்முறையில் அந்தர காந்தாரத்துக்கு வரும் பெருக்கம் 1.2599. தம்புராவோடு இயைந்தொலிக்கும் காந்தாரமோ ஐந்துக்கு நான்கு என்னும் விகிதத்தது. அதன் பெருக்கம் 1.25. வேறுபாடு எண்ணிற் சிறிது. பழகிய செவிக்குச் சிறிதன்று. சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுகிச் செல்லும் கமகத்துக்கும் தனித்தனிக் கட்டைகள் இடங்கொடா. இத்தகைய குறைகளைச் சுட்டியே 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தன் நிகழ்ச்சிகளிலிருந்து விலக்கியது; அத்தடை தளர முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

இப்பொழுது முன்னர் எழுந்த வினாவுக்கு வருவோம். ஆயத்தக் கருவிகள் பலவற்றில் அந்தப் பன்னிரண்டு கூறுகளே முதலில் வைக்கப்பட்டிருக்கும். மாற்றும் வழி சிலவற்றில் இல்லை. சிலவற்றில் இருந்தும் தேடிக் காண்பவர் சிலரே. நாம் அமைத்த கருவியிலோ 1.2599 என்பது ஒரு பெட்டியிலே நாம் எழுதிய எண். அதனை அழித்து 1.25 என்று எழுதலாம். ஃபேசரின் வேகத்தைத் தடித்த கோட்டினால் ஓட்டினால், குரல் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குத் தடையின்றி வழுகிச் செல்லும். ஆர்மோனியத்துக்கு அன்று கூறப்பட்ட குறை, இயந்திரத்துக்கு இயல்பாய் அமைந்த குறையன்று. அதன் சுரங்களை வகுத்தவர் செய்த முடிவு. கருவியைத் தானே செய்தவனுக்குத்தான் எது இயற்கை, எது பிறர் செய்த முடிவு என்பது விளங்குகின்றது.

இக்கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. வேகத்தைக் கூட்டிச் சுரத்தை உயர்த்தினால் ஒலியின் நிறமும் மாறும். பெரியவர் குரல் பிள்ளைக் குரலாகிவிடும். ஆதலாற் சிறந்த சாம்ப்ளர்களுக்குச் சில சுரங்களுக்கு ஒன்றாகத் தனித்தனிப் பதிவுகள் எடுப்பர். நாமும் மூன்று நான்கு அட்டவணைகளை வைத்து, அண்மையிலுள்ளதைத் தெரிந்து படிக்கச் செய்யலாம்.

தொடங்குவதற்கு விலையுயர்ந்த ஒலிவாங்கி வேண்டியதில்லை. வீட்டிலுள்ள பித்தளைச் செம்பு ஒன்றைக் கரண்டியால் மெல்லத் தட்டி, இரண்டு செக்கன் பதிவு செய்யுங்கள். ‘டக்’ என்ற ஒலி கேட்டால் அயராது, விரல் எங்கிருந்து எங்கே தாவியது என்று தேடுங்கள். அதனைக் கண்டு தீர்த்தபின், செம்பின் தாக்கொலியைச் சிறிது சிறிதாகக் குறைத்துக் கேட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் அது செம்பாக இருத்தலை விட்டு வேறொன்றாகின்றது என்பதை உங்கள் செவியே சொல்லும்.