பிடி விட்ட செல்கள்

நியூசிலாந்தின் டௌரங்கா பகுதியைச் சேர்ந்த ஒரு மாவோரிக் குடும்பத்தில் ஏறத்தாழ 30 ஆண்டுகளில் 25 பேருக்கு மேல் இரைப்பைப் புற்றுநோயால் இறந்துபோனார்கள். பதின்ம வயதுப் பிள்ளையும் அதில் அடக்கம். காரணத்தைத் தெரிந்துகொண்டே தீர வேண்டும் என்று குடும்பத்தினரே ஆராய்ச்சியாளர்களை நாடினார்கள். ஒடாகோ பல்கலைக்கழகத்தின் பாரி கில்ஃபோர்டும் அவர் குழுவினரும் அவர்களோடு சேர்ந்து உழைத்து 1998-இல் விடையைச் சொன்னார்கள். செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் புரதம் ஒன்றின் மரபணுவில் பிழை; அது தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்திருக்கிறது.

அந்தப் புரதத்தின் பெயர் ஈ-கேட்ஹெரின். இரைப்பை, குடல், மார்பகக் குழாய் ஆகியவற்றின் உட்பரப்பில் செல்கள் நெருக்கமாக ஒட்டி நிற்பதற்கு இது முக்கியக் காரணம். ஒரு செல்லின் சவ்விலிருந்து வெளியே நீளும் ஈ-கேட்ஹெரின், பக்கத்துச் செல்லின் ஈ-கேட்ஹெரினைப் பற்றிக்கொள்ளும். கால்சியம் இருந்தால்தான் அந்தப் பிடி நிற்கும். ஜப்பானிய விஞ்ஞானி மசாதோஷி தகேய்ச்சி இந்த இயல்பைப் பின்தொடர்ந்துதான் கேட்ஹெரின்களைக் கண்டறிந்தார். புரதத்தின் மறுமுனை செல்லுக்குள்ளே, கேட்டெனின்கள் வழியாக ஆக்டின் இழைகளோடு கட்டப்பட்டிருக்கிறது. அதனால் பிடி போனால், அண்டைச் செல்லோடு உள்ள உறவு மட்டும் அறுவதில்லை. செல்லின் வடிவமும், அது எந்தப் பக்கம் பார்த்துப் பிரிய வேண்டும் என்ற ஒழுங்கும் சேர்ந்தே குலைகின்றன.

இந்தப் புரதத்துக்கான மரபணுவின் இரண்டு பிரதிகள் நம் எல்லோரிடமும் உண்டு. ஒன்று பிறவியிலேயே பழுதானாலும் மற்றது சமாளித்துக்கொள்ளும். என்றாவது ஏதோ ஒரு செல்லில் அந்த இரண்டாவதும் அடங்கிப்போனால், அந்தச் செல் வரிசையிலிருந்து நழுவி உட்பரப்புச் செல்லடுக்குக்கு அடியில் இறங்கிவிடுகிறது. அங்கே அது கட்டியாகத் திரளாமல் இரைப்பைச் சுவருக்குள் தனித்தனிச் செல்களாகப் பரவுகிறது; இதைத்தான் பரவல் வகை இரைப்பைப் புற்றுநோய் என்கிறார்கள். எண்டோஸ்கோபியில் பார்த்தால் மேற்பரப்பு இளஞ்சிவப்பாக, வழவழவென்று, நலமாகவே தெரியும். எண்டோஸ்கோபியிலும் பயாப்ஸியிலும் ஒன்றும் அகப்படாதவர்களின் இரைப்பையை முன்னெச்சரிக்கையாக அகற்றி, துண்டு துண்டாக மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்தபோது, பெரும்பாலானவற்றில் நுண்ணிய புற்றுப்புள்ளிகள் இருந்தன. இந்த நோயில் என்னை மிகவும் கலங்கவைப்பது இதுதான்.

ஆகவேதான் மரபணுப் பிழை உறுதியானவர்களிடம், நோய் தெரிவதற்கு முன்பே முழு இரைப்பையையும் எடுத்துவிடலாமா என்று மருத்துவர்கள் பேசுகிறார்கள். உணவுக்குழாயை நேரே சிறுகுடலோடு இணைப்பார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிட வேண்டும். வைட்டமின் பி12 வாழ்நாள் முழுக்கத் தேவைப்படும். பிழை உள்ள எல்லோருக்கும் நோய் முற்றுவதில்லை என்பதால் முடிவெடுப்பது எளிதல்ல. உடனே அறுவை வேண்டாம் என்பவர்கள், அனுபவமுள்ள மையத்தில் ஆண்டுதோறும் எண்டோஸ்கோபி செய்துகொள்கிறார்கள்.

இதே பிழை பெண்களுக்கு லோபுலர் மார்பகப் புற்றுநோயையும் கொண்டுவரலாம்; ஆயுளில் அந்த அபாயம் சுமார் 40 சதவீதம். மார்பகப் புற்றுநோய்களில் 10 முதல் 15 சதவீதம் லோபுலர் வகை. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பரம்பரையாக வராதவை. ஆனாலும் அவற்றிலும் பெரும்பாலும் ஈ-கேட்ஹெரின் காணாமல் போயிருக்கும். மைக்ராஸ்கோப்பில் செல்கள் ஒற்றை வரிசையில் எறும்புச் சாரைபோல் ஊர்ந்திருப்பது தெரியும். கையில் தட்டுப்படும் கட்டி இல்லாமலே போகலாம், மேமோகிராமிலும் தவறிவிடலாம். திசுவில் ஈ-கேட்ஹெரினுக்குச் சாயமேற்றிப் பார்த்துத்தான் நோய்க்குறியியல் மருத்துவர்கள் பல நேரம் வகையை உறுதிசெய்கிறார்கள்.

பிடி விட்டால்தான் புற்றுநோய் பரவும் என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. மார்பகக் குழாய்ப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை ஈ-கேட்ஹெரினை வைத்துக்கொண்டே பரவுகின்றன. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆண்ட்ரூ எவால்டின் குழு 2019-இல் எலிகளிலும் ஆய்வகத்திலும் சோதித்தபோது, அந்தப் புரதத்தை நீக்கியதும் செல்கள் அதிகமாக ஊடுருவின. ஆனால் பிரிந்து போன செல்கள் வழியிலேயே மடிந்தன, வேறிடத்தில் புதுக் கட்டிகள் குறைந்தன.

இந்த மரபணுப் பிழைக்கான பரிசோதனை யாருக்கு வேண்டும் என்பதற்கு வழிகாட்டுதல் இருக்கிறது. 50 வயதுக்குள் பரவல் வகை இரைப்பைப் புற்றுநோய் வந்தவர்கள், குடும்பத்தில் இருவருக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்து அதில் ஒன்றாவது பரவல் வகையாக இருப்பவர்கள், ஒருவருக்கு எந்த வயதிலாவது பரவல் வகையும் இன்னொருவருக்கு 70 வயதுக்கு முன் லோபுலர் மார்பகப் புற்றுநோயும் வந்த குடும்பத்தினர் ஆகியோர் மரபணு ஆலோசகரைப் பார்ப்பது நல்லது. பயாப்ஸி அறிக்கையில் ‘சிக்னெட் ரிங்’ (பரவல் வகையில் காணப்படும் மோதிர வடிவச் செல்) என்ற சொல் இருந்தால் அந்த அறிக்கையைப் பத்திரமாக வைத்திருந்து ஆலோசகரிடம் காட்டுங்கள்.