பஞ்சத்தில் பிறந்த திருவிழா!

ஜெர்மனியின் தென்பகுதியில் உள்ள பெரிய நகரம் ஸ்டுட்கார்ட். அங்கே நெக்கார் ஆற்றங்கரையில் பரந்த மைதானம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் "வாசன்". புல்வெளி என்று பொருள்.

ஆண்டுதோறும் செப்டம்பர் கடைசியில் இங்கே திருவிழா தொடங்கும். இரண்டு வாரத்துக்கு மேல் நடக்கும். ராட்டினங்கள் சுழலும். பெரிய கூடாரங்களில் பாண்டு வாத்தியம் முழங்கும். பழங்கால உடை அணிந்த ஆண்களும் பெண்களும் ஊர்வலம் வருவார்கள். குதிரைகள் வண்டி இழுத்து வரும். பீரும், வாட்டிய கோழியும் ஏராளமாகச் செலவாகும்.

இத்தனை கொண்டாட்டமும் எப்படி வந்தது தெரியுமா? பட்டினியால் வந்தது!

எரிமலை செய்த கொடுமை

1815-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், இந்தோனேசியாவில் தம்போரா என்ற எரிமலை வெடித்தது. அதன் தூசியும் புகையும் உலகெங்கும் பரவி, வெயிலை மங்கச் செய்தன.

அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடைகாலமே வரவில்லை. ஓயாத மழை! கடும் குளிர்! பயிர்கள் வயலிலேயே அழுகின. ரொட்டி விலை ஏறியது. ஏழைகள் பட்டினி கிடந்தார்கள். பல்லாயிரம் பேர் ஊரை விட்டு அமெரிக்காவுக்கும் ரஷியாவுக்கும் போனார்கள். எங்கோ வெடித்த எரிமலைதான் காரணம் என்பது அன்று அவர்களுக்குத் தெரியாது.

ராஜாவும் ராணியும்

அப்போது வூர்ட்டம்பர்க் நாட்டின் மன்னராகப் பட்டத்துக்கு வந்தவர் முதலாம் வில்ஹெல்ம். அவருடைய ராணி கேத்தரினா, ரஷிய இளவரசி. ஏழைகளுக்கு உதவ ராணி தர்ம சங்கம் அமைத்தார். அவர்கள் காசு சேர்க்க, 1818-ல் சேமிப்பு வங்கியும் ஏற்பட்டது.

"இனி பஞ்சம் வரக்கூடாது, விவசாயம் முன்னேற வேண்டும்" என்பது மன்னரின் எண்ணம். அதே ஆண்டில் ஹோகன்ஹைமில் விவசாயப் பள்ளி திறந்தார். இன்று அது பல்கலைக்கழகம்.

1818 செப்டம்பர் 28-ந் தேதி, தம் பிறந்தநாளுக்கு மறுநாள், வாசன் மைதானத்தில் முதல் விழாவை நடத்தினார். நல்ல கால்நடை வளர்த்தவர்களுக்குப் பரிசு கிடைத்தது. குதிரைப் பந்தயமும் நடந்தது.

ராணிக்கு அதிக நாள் கொடுத்து வைக்கவில்லை. 1819 ஜனவரியில், 30 வயதிலேயே இறந்துபோனார்.

விளைச்சல் தூண்

விழா நிற்கவில்லை. கொரோனா நோயால் 2020, 2021 ஆண்டுகளில் தடைப்பட்டது. 2022-ல் மீண்டும் களை கட்டியது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, பக்கத்திலேயே விவசாயக் கண்காட்சியும் நடக்கிறது.

மைதானத்தின் நடுவே 26 மீட்டர் உயரத்தில் ஒரு தூண் நிற்கும். தானியக் கதிர்களாலும் பழங்களாலும் அதை அலங்கரிப்பார்கள். ராட்டினத்தில் ஏறும் குழந்தைக்கு அது வேடிக்கை. ஆனால் ஒரு காலத்தில், மக்கள் ஒரு பிடி தானியத்துக்கு ஏங்கியதை நினைவூட்டும் தூண் அது!